சம்பளமில்லாத தலைவர்

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் ஒரு காலையில் நின்றேன். கொழுந்து நிறுவை குறைந்ததால் ஒரு பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். "தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்.

அவர் சொன்ன தலைவர் கட்சித் தலைவரல்ல. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவரும் லயத்தில் வாழும் தொழிலாளிதான். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. அரைப்பேர், ஒழுகும் கூரை, மரண வீடு என எதற்கும் துரையிடம் போய்ப் பேசுபவர் அவர்தான். 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

முன்பு தொழிலாளிக்கும் துரைக்கும் இடையே நின்றவர் கங்காணி. அவர் நிர்வாகத்தின் ஆள். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த பிறகே, தொழிலாளரின் ஆள் என்று ஒருவர் உருவானார். அதற்கு விலையும் இருந்தது: 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் சட்டத்தில் நின்றது. ஆனால் வேலை நிபந்தனைகளுக்காகத் தலைவர் எடுத்துக்காட்டிய ஒப்பந்தம் இல்லாமற்போனது.

இன்னொரு குறையும் உண்டு. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்கள்; தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். மாதர் தலைவி இருந்தாலும் துரையின் கந்தோருக்குப் போவது தலைவர்தான். நிறுவையில் வெட்டு விழுவது யாருக்கோ, அவரே அங்கு போய்ப் பேசும் நாள் வரவேண்டும்.