பெயரிட இயலாத இசை

எங்கள் பூலாம்பாடித் திருவிழாவில் நாதசுரம் கேட்டவர்கள் அறிவார்கள்: இராகம் ஒன்றே ஆறுபோல் ஓடும், ஒத்து அதற்குக் கரையாக நிற்கும். மேனாட்டு வாத்தியக் குழுவிலோ பல இன்னிசைகள் ஒரே வேளையில் தனித்தனியே நடந்தும் தம்முள் பிணங்குவதில்லை.

இவ்விரு முறைகளையும் இணைக்க முற்பட்டது, இளையராஜா 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் (1767–1847), ஜெர்மானியரான யோஹான் செபாஸ்தியான் பாக் (1685–1750) என்பாருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார்.

அதில் ஒரு பகுதி ‘ஃப்யூக்’ என்னும் அமைப்பைச் சேர்ந்தது. ஒரு குரல் சிறு இசைத்தொடரைக் கூறியதும், மற்றொன்று அதே தொடரை வேறு சுரத்திலிருந்து தொடங்கும்; முதற்குரலோ ஓயாது புதுநடை போட்டு உடன்செல்லும். வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாட்டை வரிசை வரிசையாகப் பிந்தித் தொடங்கிப் பாடுவதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். மீதிப் பாதிதான் கடினம். தொடரை இடம் பெயர்க்கையில் அன்னிய சுரம் ஒன்று நுழைந்தால் இராகம் கெட்டது! கமகமோ சுரத்தை அசைக்கும்; உடன் ஒலிக்கும் சுரங்களோ அசையாமை வேண்டும். இந்த வழக்கைத் தீர்ப்பதிலேதான் இத்தொகுப்பின் அருமை இருக்கிறது.

சொற்கள் இல்லாமையால், அவருடைய திரைப்பாடல்களைப்போல் இது ஊர்தோறும் பரவவில்லை. கேட்க வாய்ப்போர் முதன்முறை வி. எஸ். நரசிம்மனின் வயலினை மட்டும் பின்தொடர்க. மறுமுறை, அடியிலே நடக்கும் மந்தர ஸ்தாயித் தந்திகளைக் கேட்க.