பூட்டிய கதவுக்குள் ஒரு பந்தயம்!

1944-ம் ஆண்டு மார்ச் மாதம் 12-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை நேரம்.

அமெரிக்காவின் தென் பகுதியில் வட கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே டர்ஹாம் என்று ஒரு ஊர். ஜனங்கள் கோவிலுக்குப் போயிருந்தார்கள். தெருவில் நடமாட்டம் இல்லை.

அப்போது, கறுப்பர்கள் படிக்கும் ஒரு கல்லூரியை நோக்கிக் கார்கள் வந்தன. நேர் வழியில் வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தன. காரில் இருந்தவர்கள் வெள்ளைக்கார வாலிபர்கள். முகம் தெரியாதபடி மேல்சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு இறங்கினார்கள். விறுவிறு என்று விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

உடனே கதவு பூட்டப்பட்டது!

வந்தவர்கள் திருடர்களா? இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள். எதற்காக வந்தார்கள்? பந்து விளையாட வந்தார்கள்!

பந்து விளையாட இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். பயப்பட வேண்டியதுதான். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவது அந்த ஊரில் அப்போது நடக்காத காரியம். பள்ளிக்கூடம் தனி. ரெயிலில் இடம் தனி. பஸ்சில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். இந்தப் பந்தயம் நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே டர்ஹாமில், பஸ்சில் பின் இருக்கைக்குப் போவது பற்றிய தகராறில், ஒரு கறுப்புப் பட்டாளத்துக்காரரை பஸ் டிரைவர் சுட்டுக் கொன்றார். அது உலகப் போர் நடந்த சமயம். செத்தவர் நாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். டிரைவர் குற்றவாளி அல்ல என்று கோர்ட்டில் தீர்ப்பு ஆயிற்று!

அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பந்தயத்தைத் துணிந்து நடத்தியவர் யார்?

அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அந்தக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அவரும் கறுப்பர். அப்போது அவருக்கு வயது 28.

கண்டுபிடித்தவரே குரு

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு 5 பேர். இரண்டு கோடியிலும் 10 அடி உயரத்தில் வளையம். அதில் வலை தொங்கும். பந்தை அதற்குள் போட வேண்டும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர். 1891-ம் ஆண்டு, குளிர் காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று யோசித்தார். இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டினார். 'கூடைப்பந்து' என்று பெயர் வந்தது அதனால்தான்.

நைஸ்மித் பிற்காலத்தில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்த மாநிலத்தில் 1915-ல் பிறந்தவர் மெக்லெண்டன். பயிற்சியாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. படிக்கப் போன மகனிடம், நைஸ்மித்தைத் தேடிப் பிடி, அவர்தான் உனக்கு வழிகாட்டி என்று தகப்பனார் சொல்லி அனுப்பினார். பையன் நைஸ்மித்தின் முன்னால் போய் நின்று அதையே சொன்னான். யார் சொன்னது என்று கேட்டார் நைஸ்மித். அப்பா சொன்னார் என்றான் பையன். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டார் பெரியவர்!

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே குரு. இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியில் மெக்லெண்டனுக்கு இடம் இல்லை. கறுப்பர்களைச் சேர்ப்பது இல்லை. ஆட்டத்தைப் பற்றிப் படிக்கலாம். ஆடக்கூடாது!

நீச்சல் குளத்திலும் இதே கதை. உடற்பயிற்சிப் படிப்புக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மெக்லெண்டன் குளத்தில் இறங்கி நீந்தினார். பிறகு குளத்துத் தண்ணீரை அடியோடு இறைத்துவிட்டார்கள். தீட்டுப் பட்டுவிட்டதாம்! நைஸ்மித் தம் மாணவர் பக்கம் நின்றார். மாணவரும் பின்வாங்கவில்லை. 1936-ல் பட்டத்தோடு வெளியே வந்தார்.

ஓட்டமே ஆட்டம்

அந்தக் காலத்தில் பல அணிகள் நிதானமாக ஆடின. பந்து கிடைத்தால் நின்று, பார்த்து, மெதுவாக முன்னே கொண்டுபோவார்கள். மெக்லெண்டன் இதை மாற்றினார். பந்து கைக்கு வந்த கணமே ஓட வேண்டும். எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வளையத்துக்குள் விழ வேண்டும். பந்து எதிரியிடம் போய்விட்டதா? நம் பக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அங்கேயே போய் மறிக்க வேண்டும்.

இப்படி ஆட மூச்சு வேண்டும் அல்லவா? தம் ஆட்டக்காரர்களை நெடுந்தூரம் ஓடவிட்டுப் பழக்கினார். மற்ற அணிகள் களைத்து நிற்கும்போது இவருடைய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இனி, பூட்டிய கூடத்துக்கு வருவோம்.

இரு கல்லூரி மாணவர்களும் எப்போதாவது யாருக்கும் தெரியாமல் சந்தித்துப் பேசுவது உண்டு. யார் அணி பெரிது என்று ஒரு நாள் பேச்சு வளர்ந்தது. அதில் பிறந்ததுதான் இந்தப் பந்தயம்.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கை நடுங்கியது. பந்து நழுவி நழுவிப் போயிற்று. கறுப்பு வாலிபர்களில் பலர் அதுவரை ஒரு வெள்ளைக்காரரோடு தோள் இடித்து விளையாடியதே இல்லை. இடித்தால் என்ன ஆகும்? யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை! அதன் பிறகு மெக்லெண்டனின் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் லேசான ஆட்டக்காரர்கள் அல்ல. ஆனாலும் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் கணக்கு 88-க்கு 44. சரியாக இரண்டு மடங்கு!

நான் பெரிதாக நினைப்பது இந்த வெற்றியை அல்ல. அதற்குப் பிறகு நடந்ததைத்தான். களைப்பு ஆறியதும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். இந்தத் தடவை வெள்ளையரும் கறுப்பரும் கலந்து இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். அடையாளம் வேண்டுமே! ஒரு அணி சட்டையோடு. இன்னொரு அணி சட்டை இல்லாமல்.

ஆட்டம் முடிந்ததும் கல்லூரி விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்கள். பத்திரிகையில் செய்தி வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சில மாணவர்களைத் தவிர, பார்த்தவர் இல்லை. 52 ஆண்டுகள் கழித்து, 1996-ல், ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற சரித்திர ஆசிரியர் எழுதிய பிறகுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

ஓட்டலில் இடம்

1954-ல் மெக்லெண்டன் டென்னசி மாநிலக் கல்லூரிக்குப் போனார். அதுவும் கறுப்பர் கல்லூரிதான். கன்சாஸ் நகரில் நடக்கும் ஒரு போட்டிக்கு வரும்படி அழைப்பு வந்தது. மற்றவர்களாக இருந்தால் ஓடியிருப்பார்கள். மெக்லெண்டன் ஒரு நிபந்தனை போட்டார். மற்ற அணிகள் தங்கும் ஓட்டலில் தம் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். அதே இடத்தில் சாப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் வர முடியாது! நடத்தியவர்கள் சம்மதித்தார்கள்.

அதே நகரில் 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியக் கல்லூரிக் கோப்பை இவருடைய அணிக்குத்தான். தொடர்ந்து மூன்று முறை தேசியக் கோப்பை வாங்கிய கல்லூரிப் பயிற்சியாளர் அதற்கு முன் யாரும் இல்லை.

பிறகு கிளீவ்லாந்து நகரின் 'பைப்பர்ஸ்' அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1961-ல் அந்த அணி, சம்பளத்துக்கு ஆடும் ஒரு புதிய சங்கத்தில் சேர்ந்தது. சம்பள ஆட்டக்காரர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஒரு கறுப்பர் அமர்ந்தது அங்கே புதுமை. ஆனால் நீடிக்கவில்லை. முதலாளிக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு. மெக்லெண்டன் ஆட்டக்காரர்களுக்காகப் பேசினார். 1962 ஜனவரியில் வேலையை விட்டார். அவர் உருவாக்கிய அதே அணி சில மாதங்களில் கோப்பையை வென்றது. அப்போது பயிற்சியாளர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்!

1966-ல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளையர் மிகுந்த ஒரு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பர் அவர். 1969-ல் மறுபடியும் ஒரு சம்பள அணிக்குப் போனார். டென்வர் நகரத்து அணி. 28 ஆட்டம் ஆடி 9-ல்தான் ஜெயித்தது. வேலை போயிற்று. முதலாளிகளின் பந்தயம் அவருக்கு ராசியாக அமையவில்லை. கல்லூரிப் பிள்ளைகளோடுதான் அவருக்கு ஒட்டியது.

கூடைப்பந்து வீரர்களைக் கவுரவிக்க, அந்த ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒரு மண்டபம் இருக்கிறது. குருநாதர் நைஸ்மித் பெயரில் அமைந்த மண்டபம். 1979-ல் அங்கே மெக்லெண்டன் பெயரைச் சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர் என்று. பயிற்சியாளர் என்று அல்ல!

1999 அக்டோபர் 8-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார். பயிற்சியாளர் என்ற வரிசையில் அவருடைய பெயர் அந்த மண்டபத்தில் ஏறியது 2016-ம் ஆண்டில்.