தோல் நகரங்களின் சாலைகள் – 9: லைசென்ஸில் விழும் கரும்புள்ளி

சென்ற வாரம் உப்புத் தோல் ஏற்றி வரும் லாரிகளைப் பார்த்தோம். இந்த வாரம் அவற்றை ஓட்டுகிறவர்களின் பிழைப்பு எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்போம்.

பேரணாம்பட்டிலிருந்து பெங்களூருக்கு இரண்டு வழிகள். ஆம்பூர் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் வாணியம்பாடி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளைக் கடக்க வேண்டும். பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி ஆந்திராவின் வி.கோட்டா வழியாகப் போனால் அந்தச் செலவு இல்லை. மலை வழியே போகச் சொன்னால் மிச்சம் உரிமையாளருக்கு. கொண்டை ஊசி வளைவின் ஆபத்து டிரைவருக்கு.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதையின் பால பாடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கில் இறங்கும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லைனிங் தீய்ந்து நாற்றமடிக்கும். அடுத்த வளைவில் பிரேக் பிடிக்காது. ஓவர்லோடும் சேர்ந்துகொண்டால் பழகிய கையும் திணறிப்போகும்.

உப்பும் ஈரமும் ஏறிய தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கனமானது. ஆறு சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 18.5 டன், பத்துச் சக்கரத்துக்கு 28.5 டன் என்று 2018-ல் வரம்பை உயர்த்தினார்கள். அதைத் தாண்டினால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. மூன்று டன் கூடினால் 26,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் முடியாது. இந்தப் பணத்தை உரிமையாளர் கட்டிவிடலாம். ஆனால் ஓவர்லோடு ஏற்றினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்த மூன்று மாதமும் டிரைவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

வழி தவறுவதும் இப்படித்தான். ஆம்பூரில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டவர், அடுத்த திருப்பம்வரை போகச் சோம்பி, நெடுஞ்சாலையில் கொஞ்சதூரம் எதிர்த்திசையில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவறவிட்டது குற்றமில்லை. எதிர்த்திசையில் வந்தது 184-வது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். கையில் செல்போன் பிடித்து ஓட்டுவதும், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் அதே பிரிவுதான். போலீஸ் லைசென்ஸைப் பறித்து அனுப்பினால், முதல் முறை மூன்று மாத முடக்கம். மறுமுறை லைசென்ஸே ரத்தாகலாம். புத்தாக்கப் பயிற்சி முடிக்காமல் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. வெளிமாநிலத்தில் சமாளிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்; லைசென்ஸ் விவரம் நாடு முழுவதற்குமான 'சாரதி' கணினித் தளத்தில் இருக்கிறது.

டேனரிகளுக்கு சல்ஃபியூரிக் அமிலம் போன்ற ரசாயனங்களும் லாரியில்தான் வருகின்றன. அவற்றை ஓட்ட மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஹெவி லைசென்ஸ் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எடை மேடைச் சீட்டைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். எந்த வழி என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்து, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். திருப்பத்தை விட்டுவிட்டால் விட்டதுதான். அடுத்த திருப்பம்வரை நேரே போங்கள். லைசென்ஸை முடக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது சட்டம். உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பயந்துபோய் அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓவர்லோடு ஏற்றச் சொன்னவரும் சட்டத்தின் முன் குற்றவாளிதான். எடை அதிகம் என்று வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவர் உங்கள் சரக்கையும் வண்டியையும் காப்பாற்றுகிறார். அன்றைய படியை அவருக்கு வெட்டாமல் கொடுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: டிரைவர் பக்கத்துச் சீட்டில் வளரும் கிளீனர் பையன்கள்