கோபுரத்தை இரவல் வாங்கும் தோட்டம்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். தீவில் ஒரு தோட்டம் போட்டு, அந்தக் கோபுரம் இரண்டு பூவரசுகளுக்கு நடுவில் மட்டும் தெரியும்படி மற்றப் பக்கங்களை மறைத்துவிட்டால், கோபுரமும் தோட்டத்தில் ஒரு பகுதியாகிவிடும். வேலிக்கு வெளியே இருப்பதை இப்படி இரவல் வாங்குவது யப்பானியத் தோட்டக்கலையின் பழைய உத்தி. சக்கேய் என்பார்கள்.

சிவப்புப் பாலமும் கல்விளக்கும் வைத்தால் யப்பானியத் தோட்டம் ஆகிவிடாது. அங்கே முதலில் வருவது கல். 11ஆம் நூற்றாண்டின் சக்குதெய்கி என்ற தோட்ட நூல் கல் நாட்டுவதைப் பற்றித்தான் விரிவாகப் பேசுகிறது. கல்லை நிலத்தின் மேல் சும்மா வைப்பதில்லை. அடியைப் புதைத்து, அங்கேயே இருந்த கல் போல நிறுத்துவார்கள். கியோத்தோவின் ரியோஅன்-ஜி கோயிலில், வெண்சரளை விரித்த முற்றத்தில் 15 கற்கள் உண்டு. திண்ணையில் எங்கே இருந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மற்றொன்றின் பின்னால் மறைந்திருக்கும். தண்ணீர் கிடையாது, சரளையில் இழுத்த கோடுகள்தான் அலை.

நமக்குக் கிட்டிய பெரிய உதாரணம் ஒன்று சிங்கப்பூரின் ஜூரோங் ஏரியில் இருக்கிறது. யப்பானியத் தோட்டக் கலைஞர் கின்சாக்கு நகானே வடிவமைத்த தோட்டம் அது, 1973இல் திறந்தார்கள். யப்பானில் மேப்பிளும் செரியும் பருவம் மாறுவதைக் காட்டும். வருடம் முழுக்க ஒரே பச்சையான சிங்கப்பூரில் அந்த உதவி இல்லை. பாதையின் வளைவும் குளக்கரைக் கல்லும் கத்தரித்த மரமுமே தோட்டத்தைத் தாங்கவேண்டும். நகானேயின் தோட்டத்தில் அவை தாங்குகின்றன என்பதே என் தீர்ப்பு. 2024இல் புதுப்பித்துத் திறந்தபோது அல்லிக் குளங்களும் சேர்ந்தன. பூக்கள் அழகுதான், ஆனால் அவ்வளவு நிறம் கூடிய இடத்தில் கண் கல்லிடம் போகாது.

நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடுள்ள எங்கள் தீவுகளுக்குக் குளத்தோட்டம் சரிவராது. ரியோஅன்-ஜி போன்ற உலர்தோட்டமே பொருந்தும். நெடுந்தீவில் சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லையும் முகம் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கேயே உண்டு. கடலில் புதிதாக முருகைக்கல் பெயர்க்கச் சட்டம் இடம் தராது. இடிந்த பழைய மதில்களின் கல்லே போதும். அதற்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. கடலையும் இரவல் வாங்கலாம், அந்தப் பக்கம் மதில் வேண்டாம்.

பெரிய செலவு தோட்டம் போட்ட பிறகுதான். சருகு விழும், காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். சோளகம் வீசும் மாதங்களில் ஒருவர் தினமும் சரளையை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அவருடைய சம்பளத்தைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும்.