ஊட்டி ரயிலுக்கு எதற்குப் பல்?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி மலை ரயில், கல்லாறு வரைக்கும் மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த எஃகுப் பட்டைகள் தொடங்குகின்றன. இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொள்ள, மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ரயில் மலையேறுகிறது. குன்னூர் வரைக்கும் 1899-இல் பாதை திறந்தபோதே இந்த ஏற்பாடு உண்டு. வழவழப்பான எஃகுச் சக்கரம், வழவழப்பான எஃகுத் தண்டவாளத்தின் மேல் வேறு எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

சமதளத்தில் அந்த வழவழப்புதான் ரயிலின் பலம். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. இரண்டுமே கடினமான எஃகு என்பதால் அதிகம் நசுங்குவதில்லை. உருளும்போது வீணாகும் ஆற்றல் சொற்பம். ஒரு டன் எடையைச் சமதளத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க, இரண்டு கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். ஒரு குழந்தையின் பலம்!

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஐந்து பாகைகூட இல்லை. ஆனால் சரிவில் புவியீர்ப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ரயிலைத் தண்டவாளத்தோடு அழுத்துகிறது. கூடவே, எடையில் 8 சதவீத விசையால் கீழ்நோக்கி இழுக்கிறது. டன்னுக்கு இரண்டு கிலோ போதுமாக இருந்த இடத்தில் இப்போது எண்பது கிலோ வேண்டும்.

அந்த விசையை இன்ஜினுக்குக் கொடுப்பது உராய்வு. சக்கரம் தண்டவாளத்தைப் பின்னால் தள்ளுகிறது, தண்டவாளம் இன்ஜினை முன்னால் தள்ளுகிறது. உராய்வு இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பாடப்புத்தகங்கள் உராய்வைத் தேய்மானத்தோடு சேர்த்தே பேசுவதில் எனக்கு வருத்தம் உண்டு. நாம் நடப்பதும் அதன் தயவில்தான்.

50 டன் இன்ஜினும் 50 டன் பெட்டிகளும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 டன். பின்னிழுப்பு 8 டன். தண்டவாளம் காய்ந்திருந்தால் இன்ஜின் தன் எடையில் கால் பங்கு, அதாவது பன்னிரண்டரை டன் வரை பிடி கொடுக்கும். ஏறிவிடலாம். மழை பெய்து, தண்டவாளத்தில் இலைச்சருகும் நசுங்கிக் கிடந்தால்? பிடி இன்ஜின் எடையில் பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். வெறும் 5 டன். சக்கரம் வழுக்கும், ரயில் பின்னால் நகரும். இன்ஜினைக் கனமாக்கினால் பிடி கூடும்தான். ஆனால் அந்தக் கூடுதல் எடையையும் மலை கீழே இழுக்கும். நீலகிரி போன்ற மழை பெய்யும் மலையில் காய்ந்த தண்டவாளத்தை நம்பி ரயில் விட முடியாது.

அதனால்தான் பல். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இரண்டு பட்டைகள் அருகருகே. ஒன்றில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம். ஒரு பல் பிடியை விடும் முன்பே அடுத்தது பிடித்திருக்கும். இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது; இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு போகாமல் தாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிரமிப்பு. ரயிலைக் கீழே இழுப்பது பூமி முழுவதும். அதன் ஒவ்வொரு பாறையும், கடலும். எதிர்த்து நிற்பவை உள்ளங்கைக்குள் அடங்கும் சில எஃகுப் பற்கள். பல்லுக்கு அந்த வலுவைத் தருவது எஃகின் அணுக்களுக்கு இடையிலான மின்விசை. உராய்வுக்கும் மூலம் அதே மின்விசைதான். அணுவளவில் பார்த்தால் ஈர்ப்பு அதன் முன் அற்பம்; பூமியளவு பொருள் ஒன்றுதிரண்டால்தான் அது நமக்கு உறைக்கிறது.

இறங்கும்போது உராய்வுக்கு இன்னொரு வேலை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதையும் பெரும்பாலும் பிரேக்குகள்தான் வெப்பமாக்கிக் காற்றில் விட வேண்டும். ரயிலின் ஒவ்வொரு டன்னுக்கும், நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம்.

குன்னூருக்கு மேலே சரிவு தணிந்து, 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஆகிறது. அதே 100 டன்னுக்குப் பின்னிழுப்பு இப்போது 4 டன். நனைந்த தண்டவாளத்திலும் 5 டன் பிடி கிடைக்கும். குன்னூரிலேயே பல் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊட்டி வரை ரயில் உராய்வை மட்டும் நம்பிப் போகிறது.