உங்களுக்குத் தெரியுமா? 8-க்கும் 9.1-க்கும் இடையே 45 மடங்கு!

2004 டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை 6.58. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கத்தின் அளவாகத் தந்த முதல் கணிப்பு 8.0. ஒரு மணி நேரத்துக்குப் பின் அது 8.5 ஆனது. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரைகளில் அலை ஏறி, ஊர்களை வாரிக்கொண்டு போன பிறகுதான் உண்மையான அளவு துலங்கியது. இன்று ஏற்கப்படுவது 9.1.

வித்தியாசம் வெறும் 1.1 தானே?

நிலநடுக்க அளவுகோல் மடக்கையில் ஏறுகிறது. 1935-இல் சார்ள்ஸ் ரிக்டர் அப்படித்தான் அமைத்தார்: ஒரு படி கூடினால் நில அதிர்வின் வீச்சு 10 மடங்கு. வெளிப்படும் சக்தியோ சுமார் 32 மடங்கு ஆகிறது.

சாதாரண தர மாணவரின் மடக்கை அட்டவணையே கணக்கைத் தீர்த்துவிடும். 32 என்பது ஏறத்தாழ 10-இன் 1.5ஆம் அடுக்கு; எனவே 1.1-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 1.65. இது சக்தி விகிதத்தின் மடக்கை. விகிதத்தையே அறிய 10-இன் 1.65ஆம் அடுக்கைக் காண வேண்டும். அட்டவணையைப் பின்னோக்கிப் பார்த்தால் .65-க்கு உரிய எண் 4.467, முழுவெண் 1-க்காக 10-ஆல் பெருக்க, 44.67. மடக்கை சுருக்கியதை அதன் நேர்மாறுச் சார்பான அடுக்கு விரித்துக் காட்டிவிடுகிறது.

பத்திரிகைகள் இன்னும் விடாமல் 'ரிக்டர்' என்றே எழுதுகின்றன. ஆனால் ரிக்டரின் முறை மிகப் பெரிய நடுக்கங்களைக் குறைத்தே காட்டும். 9.1 என்பது 1979-இல் ஹாங்க்ஸ், கனமோரி இருவரும் வகுத்த அளவுகோலின் எண். அதுவும் மடக்கைதான்.