விலை கூடிய கேபிளால் படம் தெளிவாகுமா?

புதிய டிவி வாங்கும்போது, "2000 ரூபாய் கேபிள் போட்டால்தான் படம் பளிச்சென்று வரும்" என்று கடையில் சொல்வார்கள். நாமும் நம்பி வாங்கிவிடுகிறோம். இது தேவைதானா?

எச்.டி.எம்.ஐ. கேபிளில் செல்வது டிஜிட்டல் சிக்னல். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், 200 ரூபாய் கேபிளிலும் 2000 ரூபாய் கேபிளிலும் படம் ஒன்றுதான். சேராவிட்டால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது திரை கறுத்துவிடும். முனையில் பூசிய தங்க முலாம் களிம்பு பிடிக்காமல் காக்கும், படத்தைத் தெளிவாக்காது.

நாம் பார்க்க வேண்டியது கேபிளின் வகையை. எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கு 'ஹை ஸ்பீடு' போதும். 60 ஹெர்ட்ஸ் 4கே படத்துக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வேண்டும். 8கே டிவிக்கும், 120 ஹெர்ட்ஸ் 4கே விளையாட்டுகளுக்கும்தான் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' தேவை. தேவைக்கு மேல் நீளமும் வேண்டாம்; நீளம் கூடக்கூட சிக்னல் பலவீனமாகும்.

முதலில் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கேபிள் இருந்தால் எச்.டி. தரம் வராது, எச்.டி. சேனலுக்கு மாதாமாதம் கட்டும் பணம் வீண். அதை மாற்றுவது அவசியம். பாக்ஸுடன் வந்த எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் தடையின்றி வந்தால், இன்னொன்று வாங்குவது வீண்விரயமே.